சென்சாருக்குப் போகுமுன் படத்தை நீங்களே வெட்டாதீர்கள்

முதல் படம் எடுத்த இயக்குநர்கள் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, எந்தெந்த சீனைத் தூக்கிட்டா யு/ஏ கிடைக்கும்?" எதையும் தூக்காதீர்கள் என்பதே என் பதில். உங்கள் படம் எப்படி இருக்க வேண்டுமென்று நினைத்தீர்களோ, அப்படியே கொண்டு போங்கள். வெட்டச் சொல்வது சென்சார் வாரியத்தின் வேலை. ஏன் வெட்டக் கூடாது என்று சொல்வது உங்கள் வேலை. அந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது எனக்குத் தந்த முதல் வேலை சென்சார் ஸ்கிரிப்ட் எழுதுவது. முடிந்த படத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வசனத்தையும் அப்படியே எழுத வேண்டும். கூட்டத்தில் யாரோ முனகுவதைக்கூட விடக் கூடாது. இன்று சின்னத் தயாரிப்பாளர்களுக்கு விண்ணப்பத்திலிருந்து சான்றிதழ் வரை பார்த்துக் கொடுக்கிறேன். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் சட்டப் புத்தகம் எப்போதும் மேஜையில் இருக்கும், உங்கள் மேஜையிலும் இருக்கட்டும். 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டம், 2023இல் அதற்கு வந்த திருத்தம், 2024 மார்ச்சில் வந்த புதிய சான்றிதழ் விதிகள், 1991 டிசம்பர் 6 தேதியிட்ட வழிகாட்டு நெறிகள் ஆகிய நான்கும் போதும். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எந்தச் சான்றிதழ் வேண்டும்?

விண்ணப்பிக்கும் முன்பே தயாரிப்பாளரும் இயக்குநரும் உட்கார்ந்து இதை முடிவு செய்துவிட வேண்டும். யு எல்லோருக்கும். ஏ பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு மட்டும். எஸ் மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு, அது நமக்கு வராது. நடுவில் இருந்த யு/ஏ 2023 திருத்தத்தில் மூன்றாகப் பிரிந்தது: 7+, 13+, 16+. இந்த மூன்றும் பெற்றோருக்கான அறிவுரைதான். யு/ஏ 16+ படத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அப்பா அம்மா கூட்டிக்கொண்டு வந்தால், அது அவர்கள் முடிவு. ஏ படத்துக்கு மட்டும்தான் வாசலில் நிறுத்த வேண்டும். தியேட்டர்காரர்கள் சிலரே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் விநியோகஸ்தரிடம் சொல்லி வையுங்கள்.

தமிழ் சினிமாவுக்கு யு மீது ஏன் அவ்வளவு ஆசை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011இலிருந்து தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயரோடு யு சான்றிதழும் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. வரிக் காசு பெரிய காசு. அதனால் பெரியவர்களுக்காக எழுதிய கதைகளைக்கூட வெட்டி, ஊமையாக்கி யு வாங்கினார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த விலக்கு போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் "யு கிடைச்சா நல்லது" என்று சொல்லும் தயாரிப்பாளரிடம், "அதனால் இப்போது என்ன லாபம்?" என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஏ வாங்கினால் வரும் உண்மையான இழப்பு டிவி. ஏ படத்தைத் தொலைக்காட்சியில் போட முடியாது. ஆனால் தியேட்டருக்கு ஏ வாங்கிவிட்டு, டிவிக்காக வெட்டிய பிரதிக்குத் தனியாக யு/ஏ கேட்கலாம். அந்த வழி இருக்கும்போது தியேட்டர் பிரதியை எதற்குச் சிதைக்க வேண்டும்? 'வடசென்னை', 'சூப்பர் டீலக்ஸ்' இரண்டுமே ஏ சான்றிதழோடுதான் வந்தன. மக்கள் பார்த்தார்கள்.

காகிதங்கள்

விண்ணப்பம் வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளத்தில். சென்னை மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. கதைச் சுருக்கம், வசனம், பாடல் வரிகள், டைட்டில் கார்டு பட்டியல், படத்தின் நீளம், தயாரிப்பாளர் சங்கத்தில் தலைப்பைப் பதிந்த கடிதம், கட்டணம் எல்லாம் வேண்டும். படம் 72 நிமிடத்துக்கு மேல் போனால் நெடும்படம். அதற்குக் கட்டணமும், படத்தைப் பார்க்கும் குழுவின் அளவும் வேறு.

சென்சார் ஸ்கிரிப்டைப் புது உதவியாளர் தலையில் கட்டிவிடாதீர்கள். திரையில் கேட்பதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். டப்பிங்கில் நடிகர் கூடுதலாகச் சேர்த்த ஒரு வசவு தாளில் இல்லையென்றால், "இதை மறைத்தீர்களா?" என்ற சந்தேகம் வரும். பின்னால் நீங்கள் பேசப்போகும் நியாயமெல்லாம் அங்கேயே பலவீனப்பட்டுவிடும்.

விலங்கு ஒரு ஷாட்டில் வந்தாலும் விலங்கு நல வாரியத்தின் சான்று வேண்டும். அதற்கு முன் அனுமதியை ஷூட்டிங்குக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். அந்த வாரியம் முன்பு நம்ம திருவான்மியூரில் இருந்தது. நேரில் போய்க் கேட்டுவிடலாம். 2018இல் ஹரியானாவின் பல்லப்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சின்னப் படங்கள் மாதக் கணக்கில் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆடு, மாடு, கோழி, தெருநாய் எதுவாக இருந்தாலும், தற்செயலாக பிரேமுக்குள் வந்ததாக இருந்தாலும், எடிட்டிங் நடக்கும்போதே ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.

புகையிலைக்கு 2012இலிருந்து தனி விதி. யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி விழிப்புணர்வுப் படம், 20 விநாடி எச்சரிக்கை, அந்தக் காட்சி ஓடும்போதெல்லாம் கீழே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் வாசகம். பிராண்ட் பெயர் தெரியக் கூடாது. இதில் வாதாட எதுவும் இல்லை. ஒலி மிக்ஸிங்குக்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

பாதுகாப்புக் குறிப்பு

இது எந்த விதியிலும் இல்லை, யாரும் உங்களிடம் கேட்கவும் மாட்டார்கள். ஆனாலும் நான் பார்க்கிற ஒவ்வொரு படத்துக்கும் இதைத் தயார் செய்யாமல் விடுவதில்லை. பிரச்சினை வரக்கூடிய காட்சிகளை இயக்குநரோடு உட்கார்ந்து குறித்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுத வைப்பேன். காட்சியில் என்ன நடக்கிறது, அது இல்லாவிட்டால் கதையில் எது அறுந்துபோகும், அந்தச் செயலைப் படம் யார் பக்கம் நின்று பார்க்கிறது என்று மூன்றே கேள்விகள்.

மூன்றாவது கேள்விதான் உயிர். 1991 நெறிகளைப் படித்தால் ஏன் என்று புரியும். பெண்களை இழிவுபடுத்தும் காட்சி கூடாது, சாதி மதத்தை இகழும் சொல் கூடாது, வன்முறையைப் புகழக் கூடாது என்று ஒரு நீளப் பட்டியல் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் பயந்துபோகிறவர்கள் அதிகம். அதே ஆவணத்தில் வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: படத்தை முழுமையாகப் பார்த்து, அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்து மதிப்பிட வேண்டும், கதை நடக்கும் காலத்தையும், அந்த மக்களின் இன்றைய வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கலை வெளிப்பாட்டையும் படைப்புச் சுதந்திரத்தையும் தேவையில்லாமல் கட்டுப்படுத்தக் கூடாது என்பது நோக்கங்களிலேயே எழுதியிருக்கிறது. இவற்றை மனப்பாடம் செய்யுங்கள். குழுவில் இருப்பவர்களும் இதே ஆவணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான்.

படம் ஓடும் நாள்

நெடும்படம் என்றால் தேர்வுக் குழுவில் ஒரு அதிகாரியும் வாரியத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து நான்கு பேரும் இருப்பார்கள். அந்த ஐவரில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும். ப்ரிவியூ தியேட்டர் செலவு உங்களுடையது. ப்ரொஜெக்ஷனையும் ஒலி அளவையும் முந்தின நாளே சரிபாருங்கள். ஒலி கூடிப்போனால் ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாகக் கேட்கும். படம் ஓடும்போது நீங்கள் உள்ளே இருக்க முடியாது. முடிந்த பிறகு அவர்கள் கலந்து பேசிவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள்.

அந்த அறைக்கு இயக்குநர் கட்டாயம் போக வேண்டும். தயாரிப்பாளரை மட்டும் அனுப்பினால் அவர் தேதியைப் பற்றி யோசிப்பார், எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுவார். கேட்கிற வகையை விடக் கடுமையானதைக் கொடுப்பதற்கோ, வெட்டுச் சொல்வதற்கோ முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த உரிமையைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலையில் நடக்கும் கதை. மேற்பார்வையாளர் ஒரு பெண் தொழிலாளியைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறான். அவள் கையிலிருந்த ஈரத் தோலைக் கீழே போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வரி பேசுகிறாள். காட்சி முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். காரணம், சாதிப் பெயர் இரண்டு முறை வருகிறது.

இயக்குநர் சின்னப் பையன், குரல் நடுங்கியது. ஆனால் குறிப்பு கையில் இருந்தது. "சார், அவன் திட்டுறதை எடுத்துட்டா அவ ஏன் வேலையை விட்டுப் போறான்னே தெரியாது. திமிர் அவனோடது, ஆனா பார்க்கிறவங்களுக்கு அது அவளோடதா ஆயிடும்" என்றான். குழுவில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: "இந்த வார்த்தையைத் தியேட்டர்ல கேட்டுட்டுப் பசங்க வெளிய வந்து விளையாட்டாச் சொன்னா?" நியாயமான கேள்வி. அவன் யோசித்துச் சொன்னான்: "அதுக்குத்தான் மேடம் அடுத்த ஷாட்ல அவளோட மகள் நிக்கிறா. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தவங்க யாரும் அந்த வார்த்தையை விளையாட்டாச் சொல்ல மாட்டாங்க." அந்த அம்மா குறிப்பேட்டைப் புரட்டி, தான் அந்த ஷாட்டைப் பற்றி எழுதியிருந்ததை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார். கடைசியில் காட்சி நின்றது. சாதிப் பெயர் இரண்டு இடத்திலும் ஊமையானது, உதடு அசைவது தெரியும். அவள் பேசும் வரி அப்படியே இருந்தது. யு/ஏ 16+.

அந்த ஊமையும் இருந்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். தினமும் அந்தச் சொல்லைக் கேட்டு வாழ்கிறவர்களின் கதையில் அந்தச் சொல்லை மட்டும் துடைத்துவிட்டால், சொன்னவனுக்குத்தான் அது சாதகம். ஆனாலும் முழுக் காட்சியையும் இழப்பதற்கும் ஒரு ஒலியை இழப்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அந்தப் பையன் அரைப் பக்கக் குறிப்பை வைத்து மீட்டான்.

கோபத்தோடு போகாதீர்கள், கெஞ்சவும் கெஞ்சாதீர்கள். "போன மாசம் வந்த பெரிய ஹீரோ படத்தில் இதைவிட மோசமா இருந்துச்சே" என்று ஆரம்பிக்காதீர்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த அறையில் அதற்கு மதிப்பில்லை. உங்கள் படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

வெட்டுப் பட்டியல் கைக்கு வந்தால்

எல்லா வெட்டும் ஒன்றல்ல. நீக்கு, ஒலியை ஊமையாக்கு, வேறு சொல் போடு, மங்கலாக்கு, எச்சரிக்கை சேர் என்று பல வகை. "50 சதவீதம் குறைக்கவும்" என்று ஒன்று வரும். எந்த 50 என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், அது எடிட்டர் கையில் இருக்கிறது. குத்துவது நான்கு ஷாட் என்றால், கத்தி இறங்கும் இரண்டை எடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தை வைத்தால் பல நேரம் காட்சி இன்னும் வலிக்கும். எதற்கு மாற்று தர முடியும், எதற்கு முடியாது என்று பிரித்து, முடியாததற்கு மட்டும் எழுத்தில் பதில் கொடுங்கள். வாயால் பேசியது எங்கும் பதிவாகாது.

உடன்பாடு இல்லையென்றால் மறுபரிசீலனைக் குழு. தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் யாரும் அதில் இருக்கக் கூடாது. இது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்துக்கு முதல் குழு சான்றிதழே தர மறுத்தது. பிறகு ஒன்பது பேர் கொண்ட மறுபரிசீலனைக் குழுவில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் யு கிடைத்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய படம் என்பதால் வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் படத்தின் கருத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தத் தீர்ப்பு நம் எல்லோருக்கும் சொத்து. ஆர்ப்பாட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது, சட்டம் ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ரங்கராஜன் வழக்கு என்று தேடிப் படியுங்கள்.

இதற்கு முன்பு இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் தன் குறும் ஆவணப்படத்துக்குக் கிடைத்த ஏ சான்றிதழை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். படம் வெளியாவதற்கு முன் தணிக்கை செய்வதே தவறு என்று அவர் வாதாடினார். 1970இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்று நாம் சாஸ்திரி பவன் படியேறுவதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

மறுபரிசீலனையிலும் முடியவில்லையென்றால் முன்பு டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 'ஆரண்ய காண்டம்' படத்துக்கு இங்கே 52 வெட்டு கேட்டார்கள். அந்தப் படம் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் மீண்டது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பாயத்தை ஒழித்துவிட்டார்கள். இப்போது முப்பது நாளுக்குள் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் வைப்பது ஒரு செலவுக் கணக்கு. வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவருக்கு அது வீட்டை அடகு வைக்கிற விஷயம். தீர்ப்பாயம் திரும்ப வர வேண்டும் என்று திரைப்படச் சங்கங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் படிகள் எதற்கும் உங்களிடம் நேரம் இருக்காது, ரிலீஸ் தேதியை முதலிலேயே அறிவித்துவிட்டால். முன்பிருந்த 1983 விதிகளின்படி ஒரு விண்ணப்பம் முடிய 68 நாள் வரை ஆகலாம் என்று இருந்தது. 2024 விதிகள் அதைக் குறைத்திருக்கின்றன, கூடுதல் கட்டணம் கட்டி முன்னுரிமை கேட்கவும் வழி இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தியேட்டர் புக் ஆகிவிட்டது என்றால் திங்கட்கிழமை எந்த வெட்டுக்கும் கையெழுத்துப் போடுவீர்கள். நல்ல காட்சிகள் பல போனதற்குக் காரணம் குழுவின் பிடிவாதம் அல்ல, காலண்டர். சான்றிதழ் கைக்கு வரும்வரை போஸ்டரில் "விரைவில்" என்று மட்டும் போடுங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு

முன்பு சான்றிதழுக்குப் பத்து ஆண்டு ஆயுள் இருந்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு காலவரம்பு இல்லை. சான்றிதழின் இரண்டாம் பகுதியில், செய்த வெட்டுகளும் மாற்றங்களும் பட்டியலாக இருக்கும். ஒவ்வொரு வரியையும் உங்கள் டிசிபியோடு, அதாவது தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். ரிலீசுக்குப் பிறகு பத்து நிமிடம் குறைக்கலாம் என்று தோன்றினால், அதையும் வாரியத்துக்குத் தெரிவித்துப் பதிய வேண்டும். தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்குத் தனிச் சான்றிதழ். விளம்பரங்களில் எந்த வகை என்று போட வேண்டும்.

சான்றிதழ் இருந்தும் படம் நிற்கலாம். 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தில் காட்சியை நிறுத்தி வைக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டு நிறுத்தினார்கள். கமல்ஹாசன் சில இடங்களை மாற்ற ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7 அன்றுதான் இங்கே வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 'ஆரக்ஷண்' என்ற இந்திப் படத்தின் வழக்கில், வாரியம் சான்றளித்த படத்தைக் கலவரப் பயம் காட்டி மாநிலம் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. உங்கள் படத்துக்கு அப்படி எதிர்ப்பு வரும் என்று தெரிந்தால், ரங்கராஜன், 'ஆரக்ஷண்' என்ற இந்த இரண்டு தீர்ப்புகளின் நகலையும் சான்றிதழ் நகலோடு விநியோகஸ்தரிடம் கொடுத்து வையுங்கள். தியேட்டர் உரிமையாளருக்கு முதல் போன் வரும்போது அவர் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

ஓடிடிக்கு மட்டும் கொடுப்பதென்றால் வாரியத்திடம் போகத் தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளமே வயது வகையைப் போடும். திரைப்பட விழாவுக்கு மட்டும் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வாங்க வேண்டும், அதை விழா நடத்துபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தெலுங்கிலோ இந்தியிலோ டப் செய்தால் அது தனிப் படம், தனி விண்ணப்பம், தனிக் குழு. தமிழில் நின்ற காட்சி அங்கே நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் அந்தப் பாதுகாப்புக் குறிப்பை அந்தந்த மொழியிலும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.